உபதேசியாரின் மிதிவண்டி

சென்ற மாதத்தில் ஒரு மாலை, பன்னிரண்டாம் வகுப்பிலே பயிலும் என் பேத்தி பள்ளியிலிருந்து திரும்பி, மிதிவண்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கரிபடிந்த விரல்களை ஒரு வேப்பிலைக் கொத்தினால் துடைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள்.

“என்னம்மா கையில்?” என்றேன்.

“ஒன்றுமில்லை தாத்தா, செயின் கழன்றுவிட்டது. தினமும் இப்படித்தான். ஒரு குச்சியைக் கொடுத்துத் தூக்கி மாட்டினால் சரியாகிவிடும்.”

தினமும் என்ற அந்தச் சொல் என்னைச் சுட்டது. எத்தனை நாளாய் என்று கேட்டேன். ஒரு மாதமாய் என்றாள். என்றுமில்லாத குரலில் அவளைக் கடிந்துகொண்டேன். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, “ஒரு செயினுக்கா இவ்வளவு கோபம்?” என்று கேட்க வாயெடுத்தவள், என் முகத்தைக் கண்டதும் காரணம் விளங்கியவளாய் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனாள். குழந்தைக்குத்தான் விளங்கவில்லை. அன்றிரவு செபமாலை முடிந்தபின் அவளுக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

என் தந்தையார் கடலூர் முதுநகருக்குத் தெற்கே சிதறிக் கிடந்த சிற்றூர்களுக்கு உபதேசியாராக இருந்தவர். இக்காலத்து இளைஞருக்கு உபதேசியார் என்றால் விளங்குவதில்லை. வேதியர் என்றால் ஓரளவு விளங்கும். பங்குத்தந்தை மாதம் ஒருமுறை வந்து திருப்பலி நிறைவேற்றிச் செல்லும் ஊர்களிலே, மற்ற நாட்களெல்லாம் மந்திரம் சொல்லிக்கொடுத்து, ஞாயிறு செபம் நடத்தி, ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் மக்களை ஆயத்தம் செய்து, நோயில் விழுந்தோர்க்குச் சுவாமியாரை அழைத்து வந்தவர்கள் அவர்களே. நமது திருச்சபை வரலாற்றை எழுதுவோர் மறைபரப்பாளர்களின் பெயர்களையெல்லாம் எழுதுகிறார்கள். அவர்களுக்கு முன்னே வெயிலில் மிதித்துப் போன உபதேசியார்களை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இஃது என் நெடுநாளைய மனக்குறை. அது நிற்க.

அப்பாவிடம் ஒரு மிதிவண்டி இருந்தது. டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் தொடங்கப்பெற்று, அதன் அம்பத்தூர்த் தொழிற்சாலையிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகள் நம் ஊர்களுக்கு வரத்தொடங்கிய அக்காலத்தில், புது வண்டி வாங்கும் வசதி உபதேசியார் சம்பளத்துக்கு ஏது? அவருடையது பல கை மாறி வந்தது. முன்சக்கரம் ஒரு வண்டியினுடையது, பின்சக்கரம் மற்றொன்றினுடையது. பெயர்த்தகடும் இல்லை. ஆயினும் அந்த வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்தே சுவாமியார் நற்கருணைச் சிமிழை மார்போடு அணைத்தவராய் நடுச்சாமத்தில் நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்றார்.

சனிக்கிழமை மாலை அப்பாவுக்கு மாறாத ஒரு கடமை இருந்தது. வண்டியை நிறுத்துதண்டின் மேல் நிறுத்தி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் சங்கிலியை முழுவதும் துடைப்பார். ஒவ்வொரு கண்ணியின் உருளைமேலும் ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுவார். பிறகு வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுவார். தேங்காயெண்ணெய் விடுவோரைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. அது நாளடைவில் பிசினாகி மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பார். கடலூர்க் காற்று உப்புக்காற்று. மூன்று வாரம் கவனியாவிட்டால் இரும்பு சிவந்துவிடும். எல்லாம் முடிந்தபின் மிதிகட்டையைப் பின்னோக்கிச் சுழற்றிவிட்டு, முன்னாலுள்ள பெரிய பல்சக்கரத்தைக் கண்ணிமைக்காமல் சிறிது நேரம் பார்ப்பார். எதற்குப் பார்க்கிறார் என்று நான் கேட்டதேயில்லை.

“அவஸ்தைக்கு அழைக்க வருகிறவன், வண்டி சரியாயிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வரமாட்டான், தம்பி” என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

என் தாயார் மறைந்தபின் அப்பா சிதம்பரத்தில் என் அக்காள் வீட்டோடு போய்த் தங்கினார். போகும்போது வண்டியை எனக்குத் தந்தார். எனக்கு அப்போது ஆசிரியர் வேலை புதிது. கையில் கரிபடும் காரியங்கள் என் நிலைக்குக் குறைவு என்று எண்ணிய வயது. சனிக்கிழமைக் கடமை என்னோடு நின்றுபோயிற்று.

1978ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள், பள்ளிவாயிலில் வண்டியை அவசரமாய்ச் சாய்த்தேன். அது வலப்புறமாக விழுந்து கருங்கற்படியில் மோதிற்று. தூக்கி நிறுத்தி, மணி அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன். மறுவாரம் முதல் சங்கிலி முன் பல்சக்கரத்தை விட்டுக் கழலத் தொடங்கிற்று.

சங்கிலி தளர்ந்தால் கழலும் என்பது ஊரறிந்த உண்மை. ஆகவே நானும் பின்சக்கரத்து மரைகளைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து முடுக்கினேன். இரண்டு நாள் நின்றது, மீண்டும் கழன்றது. இன்னும் இழுத்தேன். இழுக்க இடமில்லாமற் போனபோது, ஒரு கடையில் கொடுத்து இரண்டு கண்ணிகளை வெட்டி எடுக்கச் செய்தேன். சங்கிலியில் ஒரு கண்ணி அகன்றும் அடுத்தது ஒடுங்கியும் மாறிமாறி வருவதால், இரண்டிரண்டாகத்தான் எடுக்க முடியும். இப்போது சங்கிலி வீணைத் தந்திபோல் விறைத்துநின்றது, மிதிப்பதற்கே பாரமாயிற்று. கழல்வது மட்டும் நிற்கவில்லை. கடைசியில் நான் அதற்குப் பழகிவிட்டேன். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு வேப்பங்குச்சியும் இடம்பெற்றது. கழலும், இறங்குவேன், மாட்டுவேன், ஏறுவேன். இப்படி ஏறத்தாழ இரண்டு மாதம்.

1979ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் முதல் வாரத்தில், இரவு பத்து மணிக்குமேல், சிதம்பரத்திலிருந்து துறைமுகத்துக்கு வந்த மீன் லாரிக்காரர் ஒருவர் என் கதவைத் தட்டினார். அப்பாவுக்கு மிகவும் முடியவில்லை, உடனே வரவும் என்று அக்காள் சொல்லியனுப்பியிருந்தாள். கடைசிப் பேருந்து போய்விட்டது. அந்நேரத்துக்கு இரயிலும் இல்லை. விடியும்வரை காத்திருக்க மனம் இடந்தரவில்லை. முதுநகரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்கிட்டு வண்டியை எடுத்தேன்.

பின்னாளில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த பகுதியில் அன்று சவுக்குத் தோப்புகளே இருந்தன. அங்கே முதல்முறை கழன்றது. வாசகர்களுள் டைனமோ விளக்கை அறிந்தவர்கள் ஒன்றை நினைவுகூர வேண்டும்: சக்கரம் சுழலும்வரைதான் அதற்கு ஒளி. வண்டி நின்றால் விளக்கும் அணைந்துவிடும். எனவே சங்கிலி கழன்ற ஒவ்வொரு தடவையும் கும்மிருட்டில், விரல்களால் தடவித் தடவியே மாட்ட வேண்டியிருந்தது. ஆலப்பாக்கத்துக்கு முன் ஒரு தடவை, தாண்டி ஒரு தடவை, பெரியப்பட்டு அருகே இரண்டு தடவை. கைகாட்டிய லாரிகள் நிற்கவில்லை. புதுச்சத்திரத்தை நெருங்குகையில், அவசரத்தால் எழுந்துநின்று மிதித்தேன். பெருஞ்சத்தத்தோடு சங்கிலி உட்புறமாக விழுந்து, பல்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே ஆப்புப்போல் இறுகிக்கொண்டது. மிதிகட்டை முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. குச்சி முறிந்தது. விரல் கிழிந்தது. சாலையோரத்தில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். செபிக்கவும் தோன்றவில்லை.

ஒரு மணி நேரத்துக்குமேல் சென்றபின் வைக்கோல் வண்டி ஒன்று அடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வந்தது. வண்டிக்காரப் பெரியவர் விளக்கை அவிழ்த்துப் பிடித்தார். மாற்றுக்கென்று வைத்திருந்த கடையாணியை எடுத்து, சங்கிலிக்கும் சட்டத்துக்கும் நடுவே கொடுத்து நெம்பினார். சங்கிலி விடுபட்டது. அவர் பெயரை நான் கேட்கவில்லை. பி.முட்லூர் தாண்டி, புவனகிரிப் பாலத்தில் வெள்ளாற்றைக் கடந்து, அக்காள் வீட்டு வாயிலில் இறங்கும்போது மணி மூன்றரை.

“மூன்று மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டுதான் இருந்தார், தம்பி” என்றாள் அக்காள். “மூன்று தரம் உன்னைக் கேட்டார்.”

சுவாமியார் முன்னிரவிலேயே வந்து பூசுதல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவஸ்தைப் பூசுதல் என்றே நாங்கள் அப்போதும் சொல்லிவந்தோம். 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அச்சடங்கைப் புதுப்பித்து, அது சாகும் தறுவாயில் இருப்போர்க்கு மட்டும் உரியதன்று என்று தெளிவுபடுத்தியபின் நோயில் பூசுதல் என்ற பெயர் வழங்கலாயிற்று. ஆனால் பெயர் மாறிய வேகத்தில் வீடுகளின் அச்சம் மாறிவிடவில்லை. அப்பாவுக்கு அச்சம் எதுவும் இருக்கவில்லையாம். எத்தனையோ வீடுகளில் அவரே முழங்காலில் நின்று மறுமொழி சொன்ன செபங்களுக்கு, இப்போது படுத்தபடியே மறுமொழி சொன்னாராம்.

நான் அருகில் சென்று அவர் கையைப் பற்றினேன். கண் திறந்தார். என்னை அறிந்துகொண்டார் என்பதில் எனக்கு ஐயமில்லை. பேச முயன்றார், முடியவில்லை. அப்பொழுது அவர் பார்வை மெல்ல என் கைக்கு இறங்கிற்று. முழங்கைவரை கரியும் எண்ணெயும், நடுவிரலில் காய்ந்த இரத்தமும். வெகுநேரம் பார்த்தார். பிறகு தம் கட்டைவிரலால் என் உள்ளங்கையைத் தேய்த்தார். சனிக்கிழமைகளில் கண்ணி கண்ணியாகத் துடைப்பாரே, அதே தேய்ப்பு. வலுவில்லாத விரல். கறை போகவில்லை. அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

காலைத் திரிகால மணி அடிக்கும் வேளையில் உயிர் பிரிந்தது. என்னிடம் அவர் சொல்ல எண்ணியது என்னவென்று அக்காளுக்கும் தெரியாது.

அடக்கம் முடிந்து கடலூர் திரும்பியபின், முதுநகரில் அப்பாவின் பழைய நண்பரான ஒரு பாயின் மிதிவண்டிக் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். நடந்ததைக் கேட்டார். ஒரு கருவியையும் கையிலெடுக்கவில்லை. வண்டியை நிறுத்துதண்டில் ஏற்றி, மிதிகட்டையைப் பின்னோக்கிச் சுழற்றிவிட்டு, முன் பல்சக்கரத்தைப் பார்த்தபடி குந்தியிருந்தார். அப்பா பார்ப்பாரே, அதே பார்வை.

“இங்கே வந்து பாருங்கள் வாத்தியாரே. சக்கரம் சட்டத்தை ஓரிடத்தில் நெருங்குகிறது, ஓரிடத்தில் ஒரு விரல் விலகுகிறது. செயின் வீல் வளைந்திருக்கிறது. நீங்கள் பின்னால் அல்லவா திருகிக்கொண்டிருந்தீர்கள்!”

அவர் எனக்கு விளக்கியது இது. சங்கிலியின் மேற்பகுதிதான் இழுவிசை தாங்கி முன்னோக்கி வந்து, பல்சக்கரத்தின் உச்சியில் பற்களோடு சேருகிறது. சுற்றிவந்து கீழே விடுபடுகிறது. வளைந்த பகுதி உச்சிக்கு வரும் அந்தக் கணத்தில், பல் சங்கிலிக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் விலகி நிற்கும். கண்ணி பல்லின் நுனிமேல் ஏறும். சாலையில் ஒரு பள்ளம், அல்லது மிதிப்பில் ஒரு தயக்கம், அவ்வளவுதான், கீழே விழும். சங்கிலியை எவ்வளவு முடுக்கினாலும் இக்குறை தீராது. தீராததோடு, மிகையான முடுக்கம் மிதிகட்டை அச்சினைத் தாங்கும் பால்ரஸ் குண்டுகளை அரைத்துவிடும். இரு கிராங்குகளையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினார். அச்சு கடகடவென்று ஆடிற்று. அது விழுந்ததால் வந்த கேடன்று, என் பழுதுபார்ப்பால் வந்த கேடு.

காட்டர் ஆணியைத் தட்டிக் கழற்றி, பல்சக்கரத்தை வெளியே எடுத்து, மரக்கட்டைமேல் கிடத்தி நெம்பி நிமிர்த்தினார். பக்கத்துக்குப் பதினொன்றாக இருபத்திரண்டு புதுக் குண்டுகள் போட்டார். வெட்டிய கண்ணிகளுக்குப் பதில் இரண்டைச் சேர்த்தார். எல்லாமாக ஒரு மணி நேரம் ஆகவில்லை. கூலி வாங்க மறுத்துவிட்டார்.

ஈஸ்டருக்குமுன் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். சோம்பல், கவலையீனம் என்று சுருக்கமாகச் சொல்ல எண்ணியிருந்தேன். முழுக் கதையும் வந்துவிட்டது. சுவாமியார் வயதில் மூத்தவர். அப்பாவின் வண்டியில் பலமுறை அமர்ந்து சென்றவர். சிறிது நேரம் மௌனமாயிருந்தார். “இப்போது சங்கிலி நிற்கிறதா?” என்று கேட்டார். நிற்கிறது சுவாமி என்றேன். வேறொன்றும் கேளாமல் மன்னிப்பு அளித்தார். அந்த இரண்டு மணி நேரத்தை இன்றுவரை நான் கணக்குப் போடாமல் இருந்ததில்லை. ஆயினும் அந்தக் கேள்வி எனக்கு ஆறுதலாயிருந்தது.

அதுமுதல் மிதிவண்டிச் சங்கிலி எனக்கு ஒருவகைப் பித்தாகிவிட்டது. வேளாங்கண்ணிக்குச் செல்லும் யாத்திரிகர் ஆண்டுதோறும் இவ்வழியேதான் போகிறார்கள். ஆகஸ்டு 29 கொடியேற்றத்துக்கு நாலைந்து நாள் முன்னிருந்தே நடந்தும் மிதிவண்டியிலும் வரும் கூட்டத்துக்கு, எங்கள் பங்கு இளைஞர் மோர் கொடுப்பார்கள். நான் எண்ணெய்க் குப்பியும் ஸ்பேனரும் வைத்துக்கொண்டு உட்காருவேன். அங்கே கற்றதும் கொஞ்சம் உண்டு.

சங்கிலி நீண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. கண்ணிகளைக் கோத்த ஆணிகள் தேய்ந்து, ஒவ்வொன்றிலும் மயிரிழை இடைவெளி சேர்ந்து, முழுச் சங்கிலியும் நீள்கிறது. ஆன்சு ரெனால்டு என்பார் 1880இல் மான்செஸ்டரில் உருவாக்கிய உருளைச் சங்கிலியின் வழிவந்ததே நம் மிதிவண்டிச் சங்கிலி. அதில் ஒரு கண்ணிக்கு அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும். பள்ளிக்கூடத்து அளவுகோலை வைத்துப் பார்த்துவிடலாம். வீசம் அங்குலம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, கூடியிருந்தால் சங்கிலியை மாற்றும் காலம் வந்துவிட்டது. அரைக்கால் அங்குலம் கூடிவிட்டால், அதற்குள் பற்களும் சுறாமீன் துடுப்புப்போல் ஒருபக்கம் சாய்ந்து கூர்ப்பட்டிருக்கும். அப்போது புதுச் சங்கிலி மட்டும் போட்டுப் பயனில்லை. முடுக்கத்தைப் பார்க்க, இரு சக்கரங்களுக்கும் நடுவே சங்கிலியை விரலால் தூக்கினால் அரை அங்குலம் அசையவேண்டும். அதையும் ஓரிடத்தில் பார்த்தால் போதாது. மிதிகட்டையை நான்கு நிலைகளில் நிறுத்திப் பார்க்கவேண்டும். பல்சக்கரம் முற்றும் வட்டமாய் அமைந்த வண்டியை நான் அதிகம் கண்டதில்லை.

பேத்தியின் கதைக்கு வருகிறேன். அவளுடையது பதினோராம் வகுப்பில் அரசு தந்த மிதிவண்டி; 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிப் பின்னர் எல்லார்க்கும் விரிந்த திட்டத்தில் வந்தது. என் அக்காள் தன் வாழ்நாளில் மிதிவண்டி ஏறியதில்லை. இவளோ ஒரு நாளைக்குப் பதினாறு கிலோமீட்டர் மிதிக்கிறாள். பேருந்துகளுக்கு இடையே, சங்கிலி கழலும் வண்டியில்.

மறுநாள் காலை வண்டியை நிறுத்தி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மிதிகட்டையைப் பின்னோக்கிச் சுழற்றிவிட்டு, பல்சக்கரத்தைப் பார்த்தபடி குந்தினேன். வளைவு இருக்கும் என்று எனக்குத் திண்ணம். சுற்றியது, நேராகவே சுற்றியது. மீண்டும் பார்த்தேன். கிராங்குகளை ஆட்டினேன், ஆட்டமில்லை. அளவுகோலை வைத்தேன், சரியாகவே இருந்தது. எனக்குக் கோபம்கூட வந்தது. வளைவு இருந்தே தீரவேண்டும் என்று நான்காம் முறை சுழற்றினேன்.

“தாத்தா, இங்கே பாருங்கள்” என்றாள் பேத்தி. அவள் வண்டியின் பின்னால் நின்றிருந்தாள். பின்சக்கரத்து டயர் இடப்புறச் சட்டத்தில் உராய்ந்து, பெயிண்ட் போய் வெள்ளையாய்ப் பளபளத்தது. “இது ஏன் தேய்கிறது?”

வலப்புற மரை தளர்ந்திருந்தது. மிதிக்க மிதிக்கச் சங்கிலி அச்சின் வலமுனையை முன்னுக்கு இழுத்திருக்கிறது. சக்கரம் கோணிக்கொண்டு முன்விளிம்பு இடப்புறம் சாய்ந்திருக்கிறது. அதனால் சங்கிலி தளர்ந்தும் கோணியும் ஓடிக் கழன்றிருக்கிறது. நாற்பது ஆண்டுக்குமேல் முன்சக்கரத்தைப் பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு, இந்தத் தடவை குறை பின்னால் இருந்தது படவில்லை.

ஸ்பேனரை அவளிடமே கொடுத்தேன். சக்கரத்தை நடுவில் நிறுத்திப் பின்னுக்கு இழுத்து, முதலில் வலப்புறத்தை, பிறகு இடப்புறத்தை முடுக்கினாள். நான்கு நிலைகளில் விரலால் தூக்கிப் பார்த்தாள். மண்ணெண்ணெய்த் துணியையும் எண்ணெயையும் கேட்டு வாங்கி, கண்ணிக்கு ஒரு சொட்டாக விடத் தொடங்கினாள். அவள் கட்டைவிரல் நகத்தோரம் கரி ஏறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கு நேரமாயிற்று என்று உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். நூற்றுச் சொச்சம் கண்ணிகளில் இன்னும் பாதி இருந்தது.